ஹெலிகாப்டர் இறங்கிய காட்டில் மறுபடியும் கேழ்வரகு எடுக்க முடியுமா?

ராயக்கோட்டை மானாவாரி:
வணக்கம். போன தேர்தலில் தலைவர் ஒருவர் வந்து இறங்க எங்கள் மேட்டுக்காட்டில் ஒன்றரை ஏக்கர் கேட்டார்கள். அப்பாவும் கொடுத்தார். வரப்பை வெட்டிச் சமப்படுத்தி, தண்ணீர் அடித்து, ரோடு ரோலர் விட்டு அழுத்தினார்கள். அதற்கப்புறம் போட்ட கேழ்வரகு சுற்றிலும் நன்றாக வந்தது, அந்த இடத்தில் மட்டும் முழங்காலைத் தாண்டவில்லை. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது.

இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் நியூசர்ச் என்று ஒரு புல்வெளி விமானத்தளம் இருந்திருக்கிறது. 1944இல் டெம்பெஸ்ட் விமானங்கள் அங்கிருந்து போய் ஜெர்மனியின் வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டுகளைச் சுட்டு வீழ்த்தின. அப்புறம் தளத்தை மூடி, நிலம் விவசாயத்துக்கே திரும்பிவிட்டது. போர் விமானம் ஓடிய மண்ணே திரும்பியபோது எங்கள் காடு ஏன் திரும்பவில்லை?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
தம்பி, ஹெலிகாப்டர் உங்கள் மண்ணைக் கெடுக்கவில்லை. கெடுத்தது ரோலர், அதுவும் ஈர மண்ணில் ஓடிய ரோலர். ரோடு போடும் ரோலர் எட்டு, பத்து டன் இருக்கும். நம் செம்மண் ஈரத்தில் அழுந்திக் காய்ந்தால் செங்கல்தான்.

நியூசர்ச்சில் புல்லை எடுக்கவில்லை. அதன் மேலேயே சோமர்ஃபெல்ட் என்ற இரும்புக் கம்பி வலையை விரித்து முளை அடித்தார்கள். வேர் செத்துப்போகவில்லை. விமானங்கள் போன பிறகு வலையைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து விவசாயிகள் அதை வேலிக்குக் கட்டிக்கொண்டார்கள். உங்கள் காட்டிலோ வேரே இல்லாத வெறும் மண்ணை அழுத்தியிருக்கிறார்கள்.

முதலில் நல்ல மழை பெய்த மறுநாள் கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். எந்த ஆழத்தில் முட்டி நிற்கிறதோ அதுதான் கடினத் தட்டு. சாதாரணக் கலப்பை, ரோட்டவேட்டர் எதுவும் அங்கே எட்டாது. ரோட்டவேட்டரையே திரும்பத் திரும்ப ஓட்டினால் தட்டு இன்னும் கெட்டியாகும், தயவுசெய்து செய்யாதீர்கள். தட்டை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக் கலப்பைதான் வேண்டும். அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் ஓட்டி, அப்புறம் குறுக்கே ஒருமுறை. 35 குதிரைத்திறனுக்குக் குறைந்த டிராக்டர் இழுக்காது. அப்புறம் தொழு உரம் போடுங்கள், எக்டேருக்கு 12.5 டன் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு ஏழரை டன் வரும். இந்தச் செலவுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை:
இதோடு ஒன்று. முதல் வருஷமே கேழ்வரகைத் தனியாகப் போடாதீர்கள், அதற்கு மேல்வேர்தான். துவரையை நெருக்கமாக ஊடுபயிராக விடுங்கள், ஆணிவேர் தட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ஓசூர் பக்கத்துப் பெலகொண்டப்பள்ளி விமான ஓடுதளத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். அப்படித் தார் போட்ட இடமாக இருந்தால் வேறு கதை. உங்களுடையது மண்தானே, கட்டாயம் திரும்பும்.

ராயக்கோட்டை மானாவாரி:
ரொம்ப நன்றி அண்ணா, ஐயா. உளி எப்போது ஓட்டுவது? மழை பெய்து மண் இளகிய பிறகா?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
வேண்டவே வேண்டாம். ஈரத்தில் ஓட்டினால் உளி கோடு கிழித்துக்கொண்டு போகும், தட்டு உடையாது. மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, சித்திரை மழைக்கு முன்னால் ஓட்டுங்கள். கலப்பையை வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேளுங்கள், இப்போதே பதிந்து வைத்தால் நல்லது. அப்படியே பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள், அந்த மண்ணில் ஒரு பிடியோடு.