மறு: ‘ஆஃப்டர்மார்க்கெட்’ பிரேக் பேடுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் பேட் தேர்ந்தெடுப்பது பற்றித் தம்பி எழுதிவரும் கையேட்டுக்காகத் தொடங்கிய இழை இது. வந்த மடல்களில் பெரும்பாலானவை ‘பேட்’ என்ற ஒரே சொல்லில் நின்றுவிட்டன. அதை விரைவாக முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கையேட்டைப் படித்துவிட்டு ஒருவர் உதிரிபாகக் கடையில் போய் நிற்கும்போது அவருக்கு உதவ வேண்டிய சொற்கள் வேறு மூன்று: ஆஃப்டர்மார்க்கெட் (வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வராமல் பிறர் பெயரில் விற்கும் உதிரி), ஆர்கானிக், சின்டர்ட் (இவை இரண்டும் பேட் செய்யும் கலவையின் வகைகள்). இவற்றுக்குத் தவறான பெயர் வைத்தால் அவர் தவறான பெட்டியோடு வீடு திரும்புவார். பிரேக் விஷயத்தில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் வட்டை (டிஸ்க்) இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் துண்டு. தடைத்தகடு, உராய்வுத் திண்டு, தடுப்பு மெத்தை என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. திண்டும் மெத்தையும் சாய்ந்துகொள்வதற்கானவை, அமுக்கினால் அமுங்கும். பேட் அப்படி அமுங்காது. தகடு என்பதில் வேறு சிக்கல். ஒரு பேடைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும்: பின்னால் ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் பிணைத்த உராயும் பொருள். முழுவதற்கும் தகடு என்று பெயர் வைத்துவிட்டால், ‘தகடு தெரியும்வரை ஓட்டாதீர்கள்’ என்ற மிக முக்கியமான எச்சரிக்கையை எப்படி எழுதுவது?

சைக்கிள் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் துண்டை ‘பிரேக் கட்டை’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் நாம். அதே சொல் இங்கேயும் போதும். பாடநூலுக்கு வேண்டுமானால் ‘தடைக்கட்டை’ என்று வைத்துக்கொள்ளலாம்; பேராசிரியர் ஐயா அதைத்தான் விரும்புகிறார். அப்போது பின்னால் இருப்பது பின்தகடு, மேலே இருப்பது உராய்பொருள். பட்டறையில் இந்த உராய்பொருளை ‘லைனிங்’ என்பார்கள். டிரம் பிரேக் காலத்திலிருந்து வரும் சொல். டிரம் பிரேக்கின் ஷூ வளைந்து பிறை வடிவில் இருப்பதால் அதற்குப் ‘பிறைக்கட்டை’ என்று ஒரு பெயரையும் இங்கேயே பதிந்துவைக்கிறேன்.

இனி கடினமான இடம், ஆஃப்டர்மார்க்கெட். பேராசிரியர் ஐயா எழுதியது:

> ‘பின்சந்தை’ என்பதே நேரான பெயர்ப்பு. பிற துறைகளிலும் அப்படியே பயன்படும்.

ஐயா, நேராக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்சந்தை என்று காதில் விழுந்ததும் பின்வாசல் வழியாக வரும் சரக்குதான் நினைவுக்கு வருகிறது. கள்ளச்சந்தை என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறது. தன் பெயரைப் பெட்டியில் அச்சிட்டு, வரி கட்டி விற்கும் நிறுவனத்தின் பொருள்மீது அந்த நிழல் விழக்கூடாது. ‘அயல் தயாரிப்பு’ என்று இன்னொரு நண்பர் சொன்னார். அம்பத்தூரில் செய்த பேடையும் அயல் என்று சொல்ல வேண்டிவரும். படிப்பவர் இறக்குமதிச் சரக்கு என்றே நினைப்பார். ‘மாற்று உதிரி’ என்பதும் போதாது. கம்பெனிப் பொருளும் தேய்ந்ததற்கு மாற்றாகத்தானே வருகிறது?

கடையில் நடப்பதைப் பாருங்கள். ‘ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா?’ இரண்டே சொல். ஆனால் கடைக்காரரின் அலமாரியில் இருப்பது நான்கு வகை. வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒன்று. வண்டி நிறுவனங்கள் பொதுவாக உராய்பொருளைத் தாமே செய்வதில்லை. அதற்கென்றே இருக்கும் ஆலைகளிடம் வாங்குகின்றன. சென்னையிலேயே பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அம்பத்தூரில் ரானேயும் இந்தத் தொழிலில் பல பத்தாண்டுகளாக இருப்பவை. இப்படி வண்டி நிறுவனத்துக்குச் செய்து கொடுப்பவரே தன் பெட்டியில் போட்டு விற்பது இரண்டாவது வகை. இங்கிலாந்தின் ஈபிசி, ஜப்பானின் வெஸ்ரா, டென்மார்க்கின் எஸ்பிஎஸ் போன்றவர்கள் அந்த வண்டிக்கென்று தாங்களே கலவை வகுத்துச் செய்வது மூன்றாவது. நான்காவது, மேற்சொன்ன எவருடைய பெட்டியையாவது பார்த்து அச்சடித்த போலி.

‘லோக்கல்’ என்ற ஒரே சொல் பின்னால் உள்ள மூன்றையும் சேர்த்து வாரிவிடுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் நல்ல தேர்வாக இருக்கலாம். சில நேரம் கம்பெனிப் பொருளைவிடவும் மேலாக இருக்கலாம். நான்காவதில் உராய்பொருள் பின்தகட்டிலிருந்து அப்படியே பெயர்ந்து வந்துவிடும் ஆபத்து உண்டு. இவற்றைப் பிரித்துக் காட்டாத தமிழ்ச்சொல் நமக்கு எதற்கு?

என் பரிந்துரை: கம்பெனி உதிரி, வெளி உதிரி, போலி உதிரி. ரேஷன் கடைக்கு வெளியே விற்கும் அரிசியை ‘வெளிச்சந்தை’ அரிசி என்று செய்தித்தாள்கள் எத்தனையோ காலமாக எழுதுகின்றன. அந்தச் சொல்லில் குற்றத்தின் சாயலே இல்லை. மெக்கானிக்கும் ‘கம்பெனியில விலை அதிகம், வெளியில வாங்கிக்கலாம்’ என்றுதான் சொல்கிறார். ஆகவே ‘வெளி உதிரி’ ஏற்கெனவே பாதி வழக்கில் இருக்கிறது. இரண்டாவது வகையைத் தனியாகச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘மூலத் தயாரிப்பாளரின் வெளி உதிரி’ என்று நீட்டி எழுதிக்கொள்ளலாம், அடிக்கடி வராது.

அடுத்தது ஆர்கானிக். இதை ‘இயற்கை பிரேக் பேட்’ என்று யாரோ போட்டிருந்த விற்பனைப் பக்கத்தைத் தம்பி அனுப்பியிருந்தார். அந்தப் பெயர் பரவிவிடக்கூடாது. இயற்கை விவசாயத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒரு காலத்தில் இந்தக் கலவையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சேர்த்தார்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் தரும் என்று தெரிந்ததும் கைவிட்டு, கண்ணாடி இழை, அராமிட் என்ற வலுவான செயற்கை இழை, கரித்தூள், ரப்பர் போன்றவற்றுக்கு மாறினார்கள். இத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஃபினாலிக் வகைப் பிசின். வேதியியல்படி ‘கரிம’ என்பது சரி. ஆனால் பேட் வாங்குபவருக்கு அது ஒன்றுமே சொல்லாது.

எதனால் பிணைத்திருக்கிறது என்பதை வைத்தே பெயர் வைப்போம் என்பது என் வாதம். காரணம், பேட் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது அந்தப் பிணைப்புதான். பிசின் பிணைத்த கட்டை குளிர்ந்த நிலையிலேயே மென்மையாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, வட்டை அதிகம் தேய்க்காது. சூடு எல்லை மீறினால் பிசின் சிதைந்து வாயு கிளம்பும், பிடி வழுக்கும். மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் கரையும். ஆகவே ‘பிசின்கட்டை’. சைக்கிள் உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது: ஷிமானோவின் விலை குறைந்த டிஸ்க்குகள் சிலவற்றில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்தே விற்கிறார்கள். ரெசின் என்றால் பிசின்.

சின்டர்ட் பேடுக்கு அக்கா ‘வெப்பப்பிணைப்பு’ என்று தந்திருக்கிறார்.

> வெப்பத்தால் துகள்கள் பிணைவதால் வெப்பப்பிணைப்புக் கட்டை என்பது பொருத்தமாக இருக்கும்.

அக்கா, செய்முறை சரி. ஆனால் பிசின்கட்டையையும் சூடான அச்சில் அழுத்தித்தான் இறுக வைக்கிறார்கள். அதுவும் வெப்பப்பிணைப்புதான் என்று ஒருவர் சொன்னால் நம்மிடம் பதில் இல்லை. ‘உருக்கிணைப்பு’ என்றால் தவறே ஆகிவிடும். செம்பை அடிப்படையாகக் கொண்ட உலோகப் பொடியை அழுத்தி, செம்பின் உருகுநிலையான 1085 டிகிரி செல்சியஸைத் தொடவிடாமல் உலையில் சுடுகிறார்கள். செம்பு உருகுவதில்லை, துகள்கள் ஒன்றோடொன்று தொடும் இடத்தில் ஒட்டி இறுகுகின்றன.

உருகாமல் சூட்டில் இறுகுவதற்குத் தமிழில் ஒரு வினை இருக்கிறது: சுடுதல். செங்கல் சுடுகிறோம், பானை சுடுகிறோம். சுட்டு இறுக்கிய மண் சுடுமண். கீழடி உறைகிணறு பற்றிய செய்திகளுக்குப் பிறகு அந்தச் சொல் தெரியாதவர் குறைவு. அதே வாய்ப்பாட்டில் ‘சுடுபொடி’. சுடுநீர் போலச் சூடான பொடி என்று படிக்க இடமிருக்கிறதே என்றால், சுடுமண் சிற்பத்தை யாரும் சூடாக இருக்கிறது என்று படிப்பதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிடும்.

சுடுபொடிக் கட்டையைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். வெளிச்சத்தில் திருப்பினால் உராயும் முகத்தில் செம்பு நிறம் மின்னும். பின்தகட்டின் மேலும் பெரும்பாலும் செம்புப் பூச்சு இருக்கும். அதே அளவுள்ள பிசின்கட்டையைவிடக் கனம். நனைந்தாலும் பிடிக்கும், சூடேறினாலும் தாங்கும், நீண்ட நாள் வரும். வட்டைக் கூடுதலாகத் தேய்க்கும் என்பது அதன் மறுபக்கம். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு வட்டு என்பதால் ஈடுகொடுக்கும். பழைய வார்ப்பிரும்பு வட்டுகளுக்கு ஆகாது. ஈபிசி அராமிட் இழை கலந்த பிசின்கட்டையும் விற்கிறது, சுடுபொடியும் விற்கிறது. ‘ஈபிசி கொடுங்கள்’ என்று மட்டும் கேட்பவருக்கு எது கையில் வரும்? வெளி உதிரி என்பது யார் செய்தது என்ற கேள்விக்குப் பதில். பிசினா சுடுபொடியா என்பது வேறு கேள்வி. கையேட்டில் இரண்டையும் ஒரே தலைப்பில் போடாதீர்கள் தம்பி.

செமி மெட்டாலிக், செராமிக் இரண்டும் இந்தப் பிரிப்பில் எங்கே போகும் என்று கேள்வி வரும். செமி மெட்டாலிக் என்பது உலோக இழை கலந்த பிசின்கட்டை. சந்தையில் செராமிக் என்று விற்பவற்றிலும் பொதுவாகப் பிணைப்பது பிசின்தான். செராமிக் இழையும் தூளும் கலந்திருக்கும். சேர்த்த பொருளை முன்னால் சொல்லி, பிசின்கட்டை என்றே முடித்துவிடலாம்.

பின்தகட்டில் பொறித்திருக்கும் இரண்டு எழுத்துக்கும் பெயர் வேண்டும். எஸ்ஏஈ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே866 முறைப்படி முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வுக் குணகத்தையும் (எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்), இரண்டாவது மிகுந்த சூட்டில் உள்ளதையும் சொல்கின்றன. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை, ஹெச் என்றால் அதற்கு மேல். ‘உராய்வுக் குறி’ என்று வைக்கலாம். ‘பிரேக் தரம்’ என்ற பரிந்துரை வேண்டாம். ஹெச்சுக்கு மேல்வரம்பு கிடையாது. ஹெச்ஹெச் போட்ட இரண்டு பேடுகளும் ஒன்றுபோல நிற்கும் என்று அது உறுதி தருவதில்லை. தரம் என்று எழுதினால் மதிப்பெண் போலப் படிப்பார்கள்.

‘ஃபேட்’, அதாவது சூடேறியதால் பிரேக் பிடிக்காமல் போவது, என்பதற்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலோ என்ஜின் பிரேக்கிங் (கியரைக் குறைத்து என்ஜினாலேயே வேகத்தைக் கட்டுவது) இல்லாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் இரண்டில் ஒன்று நடக்கலாம். லிவர் கல்லாக நிற்கும், வண்டி நிற்காது. இது கட்டை தோற்பது. ‘பிடி வழுக்கல்’ எனலாம். அல்லது லிவர் தொளதொளவென்று ஹேண்டில்பார் வரை வந்துவிடும். இது பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடுவது. ‘பிடி தொய்வு’ எனலாம். முதலாவதற்குச் சுடுபொடி உதவும். இரண்டாவதற்குப் பேட் மாற்றிப் பயனில்லை. ஆயிலை மாற்ற வேண்டும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் இழுத்த நிலையில் அதற்கான வரம்பு 155தான். போதாததற்குச் சுடுபொடி உலோகம் என்பதால் வட்டின் சூட்டை ஆயில் பக்கம் வேகமாகக் கடத்தும். பழைய ஆயிலோடு புதுச் சுடுபொடியைப் போட்டு மலையேறுகிறவருக்கு இந்த இரண்டு சொல்லும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

‘பெட்டிங் இன்’ என்பதற்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குகிறோம் அல்லவா, அதேதான். திரும்பத் திரும்பச் சூடேற்றி மேல்பரப்பில் ஒரு படலம் படிய வைப்பது. புதுப் பேடும் வட்டின்மேல் தன் பொருளால் மெல்லிய படலம் விட்ட பிறகுதான் முழுமையாகப் பிடிக்கும். ‘பழக்குதல்’ என்றே வைத்துவிடுவோம்.

இந்தச் சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“உங்கள் வண்டியோடு வந்தது பிசின்கட்டையா சுடுபொடியா என்று முதலில் பாருங்கள். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்குப் பிசின்கட்டை போதும். மழையிலும் மலையிலும் பாரம் ஏற்றி ஓட்டுபவர், வட்டு ஏற்குமானால் முன்சக்கரத்துக்குச் சுடுபொடி போடலாம். வெளி உதிரி வாங்கும்போது பின்தகட்டில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், உராய்வுக் குறி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எதுவுமே இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஒரு வட்டின் இரண்டு கட்டைகளையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டியவுடன் லிவரைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வந்ததா என்று பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். வெறிச்சோடிய சாலையில் வேகத்தைக் கூட்டி, முழுவதும் நிற்காமல் குறைத்து, இடையில் ஆறவிட்டுப் பலமுறை பழக்குங்கள். அதுவரை முழுப் பிடியை எதிர்பார்க்காதீர்கள்.”

தட்டவில்லை என்றே நினைக்கிறேன். தட்டும் இடம் இருந்தால் சொல்லுங்கள்.

பேடுகளைத் தாங்கி வட்டின்மேல் அழுத்தும் காலிப்பருக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. இடுக்கி, கவ்வி இரண்டும் வந்திருக்கின்றன. இடுக்கி அடுப்படிக் கருவியாகவே மனதில் நிற்கிறது. கவ்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கிளாம்புக்கு அதை ஏற்கெனவே சிலர் பயன்படுத்துகிறார்கள். பட்டறைப் பழக்கமுள்ள நண்பர்கள், குறிப்பாக இலங்கையிலிருந்து எழுதுபவர்கள், அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் தம்பி அச்சுக்குக் கொடுக்கும் முன் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.