காலில் ரத்த ஓட்டம் குறைவா? இறுக்கச் சாக்ஸ் எல்லோருக்கும் சரிவருமா?

மாலைவெயில்: அம்மாவுக்குச் சாயங்காலமானால் கால் வீங்கிக் கனத்துப்போகும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். ஆபரேஷனுக்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆறு மாதமாகக் காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன் இறுக்கச் சாக்ஸ், படுக்கும்போது காலுக்கடியில் தலையணை. வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது. ரத்த ஓட்டக் குறை உள்ள எல்லோரும் செய்து பாருங்கள்.

நடைப்பித்தன்: அந்த "எல்லோரும்" தான் வம்பு. உங்கள் அம்மாவுக்கு ரத்தம் காலுக்கு ஒழுங்காகப் போகிறது, திரும்பி மேலேறத்தான் திணறுகிறது. அது சிரைக் கோளாறு. என் அப்பாவுக்குத் தமனி அடைப்பு, ரத்தம் கீழே வந்து சேர்வதே பாடு. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். இது தெரியாமல் அவருக்கும் சாக்ஸ் மாட்டி, காலை உயர்த்தி வைத்தோம். ராத்திரி முழுக்க வலி. கடைசியில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்ட பிறகுதான் கண்ணயர்ந்தார்.

மாலைவெயில்: சாக்ஸ்தானே, அதற்கும் டாக்டரா?

நடைப்பித்தன்: ஆமாம். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். ஊசிகூட இல்லை. 0.9க்குக் கீழே வந்தால் தமனி அடைப்பு. 0.5க்கும் கீழே என்றால் இறுக்கச் சாக்ஸ் பக்கமே போகக்கூடாது. நாள்பட்ட சர்க்கரை இருந்தால் தமனிச் சுவர் இறுகி, இந்த எண் நன்றாக இருப்பதுபோலப் பொய் சொல்லும். அப்போது கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

எண்ணெய்க்கிண்ணம்: இவ்வளவு எதற்கு? வெந்நீரில் காலை வைத்து, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் போதுமே.

மாலைவெயில்: இதில் நான் நடைப்பித்தன் பக்கம். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குச் சூடே தெரியாது, வெந்துபோன பிறகுதான் பார்ப்பார்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் நீவவும் கூடாது, உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். சரி, அப்பாவுக்கு வீட்டில் என்னதான் செய்கிறீர்கள்?

நடைப்பித்தன்: நடைதான். வலி நன்றாக ஏறும்வரை நடப்பார், நிற்பார், விட்டதும் மறுபடி. இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாளாவது. பலன் தெரிய மூன்று மாதம் ஆனது.

மாலைவெயில்: வலிக்க வலிக்க நடக்கவைப்பதா! சாக்ஸை விட இதுதான் கொடுமை.

நடைப்பித்தன்: எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த வலியால் தசை கெடுவதில்லை; கிடைக்கிற ரத்தத்தை வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகிக்கொள்கிறது. ஆனால் சும்மா படுத்திருக்கும்போதே வலி, ஆறாத புண், கறுத்த விரல் என்றால் நடை, ஒத்தடம் எதுவும் வேண்டாம், உடனே ரத்தக்குழாய் நிபுணரிடம் ஓட வேண்டும்.

எண்ணெய்க்கிண்ணம்: அப்பா சிகரெட்டை விட்டாரா?

நடைப்பித்தன்: பாதியாகக் குறைத்திருக்கிறார். போதாது என்று தெரியும். வீட்டில் தினமும் அந்தச் சண்டைதான்.

மாலைவெயில்: சாக்ஸை நான் விடப்போவதில்லை, அம்மாவுக்குக் கண்ணெதிரே பலன் தெரிகிறது. ஆனால் அவருக்கும் சர்க்கரை உண்டு, அந்தக் கணுக்கால் அளவை யாரும் பார்த்ததில்லை. இந்த வாரமே கேட்டுவிடுகிறேன்.