லோயர் பிராக்கெட்டைத் திருகித் தாழ்த்தினால் ஸ்ட்ரோக் குறையாதாமே!

திருகுமரை:
காரைத் தாழ்த்துவதற்கு எந்தக் காயிலோவர் (ஸ்பிரிங்கும் டாம்பர் எனப்படும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய தொகுப்பு) நல்லது என்று கேட்ட புதியவருக்கு அச்சாணி அளித்திருக்கும் அறிவுரையைப் படித்த பிறகு பேசாமல் கடந்துபோக என்னால் இயலவில்லை. ஸ்பிரிங் சீட்டை (ஸ்பிரிங் அமரும் தட்டை) இறக்கி உயரம் குறைக்கும் வகையைத் தொடவே கூடாதாம். லோயர் பிராக்கெட்டைத் (டாம்பரின் அடிப்பகுதியைச் சக்கரப் பக்கத்தோடு பிணைக்கும் பிடியை) திருகி மொத்த நீளத்தையே குறைக்கும் வகையை வாங்கினால் ‘எவ்வளவு தாழ்த்தினாலும் ஸ்ட்ரோக் (மேலும் கீழும் ஓடும் தூரம்) குறையாது’ என்கிறார். எவ்வளவு தாழ்த்தினாலுமா? காரின் உடல் 30 மி.மீ. கீழே வந்த பிறகு அந்த 30 மி.மீ. எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று அவரே சொல்லட்டும்.

அச்சாணி:
எங்கேயும் ஒளியவில்லை ஐயா. ஸ்பிரிங் சீட்டை 30 மி.மீ. இறக்கினால் டாம்பரின் தண்டும் அதே அளவு உள்ளே போய் நிற்கும்; பம்ப் ஸ்டாப்பைத் (தண்டின் ஓட்டத்தை முடிவில் தடுக்கும் கட்டையை) தொடுவதற்கு முன்பு 60 மி.மீ. இருந்த இடத்தில் இனி 30 மட்டுமே மிஞ்சும். லோயர் பிராக்கெட் வகையில் டாம்பரின் உடல்தான் பிராக்கெட்டுக்குள் இறங்குகிறது, தண்டு முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த 60 அப்படியே இருக்கிறது என்பதால் ஸ்ட்ரோக் குறையாது. கூட்டல் கழித்தல் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு போதும்.

திருகுமரை:
கழித்தலை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். வீல் ஆர்ச்சின் உட்பக்கத்துக்கும் டயருக்கும் நடுவே 80 மி.மீ. இருந்ததாக வைத்துக்கொண்டால், தாழ்த்திய பிறகு அங்கே 50 தான் இருக்கும். உங்கள் தண்டு பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு 10 மி.மீ. முன்பாகவே டயர் மேலே உரசிவிடும். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பணத்தைக் காட்டி நான் செல்வந்தன் என்று சொல்வது போல இருக்கிறது உங்கள் 60.

நடுவழி:
ஒரு சிறு ஐயம். நீங்கள் இருவரும் எதன் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்? டாம்பர் தண்டினுடையதா, சக்கரத்தினுடையதா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

அச்சாணி:
திருகுமரை அவர்களே, டயர் உரசுவது டயரின் அகலத்தையும் வீலின் ஆஃப்செட்டையும் (வீல் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவையும்) தவறாகத் தேர்ந்தெடுத்தவர்களின் பிரச்சினை. அதைக் காயிலோவரின் தலையில் கட்டாதீர்கள். உரசினால் பம்ப் ஸ்டாப்புக்கு மேல் ஒரு பேக்கர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) சேர்த்துக்கொள்ளலாம். ஸ்ட்ரோக் குறையாது என்று நான் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. தாழ்வு ஸ்பிரிங்கைப் பழைய ஷாக் அப்சார்பரோடு பூட்டினாலே போதும் என்று முன்பொரு முறை இங்கே எல்லோருக்கும் உபதேசம் செய்தவர் எனக்குப் பாடம் நடத்துவதுதான் வேடிக்கை.

திருகுமரை:
பேக்கர் சேர்த்தால் பம்ப் ஸ்டாப் முன்கூட்டியே தொடும், அதாவது ஸ்ட்ரோக் குறையும்! உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள், மிக்க நன்றி. தாழ்வு ஸ்பிரிங்கைப் பற்றி நான் சொன்னது மிகச் சிறிய அளவு தாழ்த்துவதற்கு மட்டுமே என்பதை வசதியாக மறந்துவிட்டீர்கள்.

பட்டறைவாசி:
இந்த 30 மி.மீ. சண்டையில் ஸ்பிரிங்கின் விறைப்பை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மூலையில் ஸ்பிரிங் மேல் 300 கிலோ சுமை இருந்தால், மி.மீ.க்கு 2.5 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங் 120 மி.மீ. அமுங்கும், 6 கிலோ ஸ்பிரிங் 50 மட்டுமே அமுங்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த 50 முடிந்த பிறகும் தண்டு நீள இடமிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். அதற்காகத்தான் அந்தத் தளர்வை எடுத்துக்கொள்ளும் மெல்லிய ஹெல்பர் ஸ்பிரிங் வைக்கிறார்கள். மேலும், மெக்பெர்சன் ஸ்ட்ரட் (டாம்பரே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு) உள்ள காரை, லோயர் ஆர்மின் (சக்கரத்தின் அடிப்பக்கத்தைக் காரோடு இணைக்கும் கையின்) வெளிமுனை உள்முனையைவிட மேலே போகும் அளவுக்குத் தாழ்த்தினால், ரோல் சென்டர் (வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம்) காரின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுவதால் காரைச் சாய்க்கும் நெம்புவிசையும் கூடும். விறைத்த ஸ்பிரிங்கைப் போட்ட பிறகும் வளைவில் கார் ஏன் சாய்கிறது என்று பலர் வியப்பது இதனால்தான்.

அச்சாணி:
ஸ்பிரிங் விறைப்பு போதாவிட்டால் பிரிலோட் கொடுத்து (பூட்டும்போதே ஸ்பிரிங்கை அமுக்கி வைத்து) இறுக்கிக்கொள்ளலாம். லோயர் பிராக்கெட் வகையில் உயரத்தைக் கெடுக்காமல் இதைச் செய்ய முடியும் என்பதே அதன் பெருமை. எனவே விறைப்பைக் காட்டி என்னை மிரட்ட வேண்டாம். ஸ்ட்ரோக் குறையாது என்ற கேள்விக்கு நேராக வாருங்கள்.

பட்டறைவாசி:
பிரிலோட் விறைப்பைக் கூட்டாது ஐயா. அதே 6 கிலோ ஸ்பிரிங்கை முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கிப் பூட்டினால் 60 கிலோ விசை ஏற்கெனவே அதில் இருக்கும். காரின் சுமை அதை இன்னும் 40 மி.மீ. அமுக்கும். மொத்தம் அதே 50 தான், விறைப்பும் அதே 6 தான். தண்டு 10 மி.மீ. வெளியே நிற்பது ஒன்றே மாற்றம். அது மேல்நோக்கிய ஓட்டத்துக்கு 10 கொடுத்து, கீழ்நோக்கிய ஓட்டத்திலிருந்து 10 எடுத்துக்கொள்கிறது.

அச்சாணி:
பிரிலோட் கொடுத்த ஸ்பிரிங்கைக் கையால் அழுத்திப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். இரும்பு தாளில் எழுதிய கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனாலும் தண்டு வெளியே வந்து மேல்நோக்கிய ஓட்டம் கூடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதைத் திருகுமரை படித்துக்கொள்ளட்டும். ஸ்ட்ரோக் குறையாதது மட்டுமல்ல, கூடவும் செய்யும்!

பட்டறைவாசி:
கையால் 60 கிலோவுக்கு மேல் அழுத்தும் வலிமை உங்களுக்கு இருந்தால் பிறகு பேசுவோம்.

புதியவர்:
கேள்வி கேட்டவன் நான்தான். என் காரின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்). ஸ்பிரிங் ஓரிடத்திலும் டாம்பர் வேறோரிடத்திலும் இருக்கின்றன. அங்கே லோயர் பிராக்கெட்டைத் திருகினால் உயரமே மாறாது, ஸ்பிரிங்கின் அடியில் உள்ள அட்ஜஸ்டரைத்தான் திருக வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் நான் எந்த வகையை வாங்குவது?

அச்சாணி:
பின்பக்கத்தைப் பிறகு பார்க்கலாம், தம்பி. முன்பக்கத்தில் ஸ்ட்ரோக் குறையாது என்று திருகுமரை முதலில் ஒப்புக்கொள்ளட்டும்.

திருகுமரை:
பேக்கரைக் கழற்றிவிட்டு வாருங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அச்சாணி:
பேக்கர் ஒரு விருப்பத் துணைப்பொருள் என்பதுகூடத் தெரியாதவரோடு எனக்கு என்ன வாதம்? ஸ்ட்ரோக் குறையாது.