பாதரசம் கலந்த மண்ணைத் தோண்டுவோருக்கு என்-95 முகக்கவசம் போதுமா?

கேள்வி:
வணக்கம். மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றின் வளாகத்தில் பாதரசம் கலந்த மண்ணைத் தோண்டி அகற்றும் பணிக்கு அடுத்த மாதம் மேற்பார்வையாளராகச் செல்கிறேன். தொழிலாளர்களுக்கு என்-95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். மண்ணை நனைத்துக்கொண்டே தோண்டினால் தூசி எழாது, ஆகவே அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது அவர் வாதம். பாதரச மாசு காரணமாக 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலையைப் பற்றிப் படித்திருப்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
போதாது. என்-95 துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பாதரசமோ அறை வெப்பத்திலேயே ஆவியாவது. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 20 டிகிரி வெப்பத்தில் அடைபட்ட காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் வரை பாதரச ஆவியைத் தாங்கும். அமெரிக்காவின் தொழிலிடச் சுகாதார வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச் 8 மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 0.025 மில்லிகிராம்தான். திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் காற்றோட்டமில்லாத குழிக்குள் இறங்கி, அதுவரை மூடிக் கிடந்த மண்ணைப் புதிதாகப் புரட்டுபவருக்கு, அதுவும் வெயில் ஏறிய வேளையில், அந்த ஆறுதல் பொருந்தாது. பாதரச ஆவிக்கென்றே சான்று பெற்ற கார்ட்ரிட்ஜ் (ஆவியை ஈர்த்து வைக்கும் வடிகட்டிக் குப்பி) பொருத்திய முகமூடி வேண்டும். கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதை மூக்கு காட்டிக்கொடுக்காது என்பதால், அதை மாற்றும் நேரத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு படியாது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆவியை அளக்கும் கருவி ஒன்று களத்தில் இருக்கட்டும். அளந்து பார்க்காமல் முகமூடியைத் தேர்ந்தெடுப்பது குத்துமதிப்பு வேலை.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980களில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு வெப்பமானி ஆலைத் தொழிலாளர்களின் வீடுகளை ஆராய்ந்தபோது, ஆலைக்குள் கால் வைக்காத அவர்களுடைய பிள்ளைகளின் சிறுநீரில், மற்றப் பிள்ளைகளைவிடப் பாதரசம் மிகுந்திருந்தது. உடையிலும் செருப்பிலும் ஒட்டி வந்ததுதான் அது. வேலை உடை களத்தைவிட்டு வெளியே போகவே கூடாது. குளித்து உடை மாற்றிக்கொள்ள அறையும், உண்பதற்குத் தனியிடமும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். மண் வேலைக்குப் பெண்களும் வருவார்கள் என்பதால் இன்னொன்று: தங்கம் பாதரசத்தோடு கலந்து வெளுத்துவிடும். தாலியைக் கழற்றச் சொல்வது எளிதல்ல, ஆகவே வேலைக்கு எடுக்கும்போதே காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
வேலை தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் சிறுநீரில் பாதரச அளவைப் பரிசோதித்துப் பதிவு செய்யுங்கள். உடலில் சேர்ந்த பாதரசம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகும். முதல் அளவு கையில் இல்லாவிட்டால், பின்னர் கூடியிருப்பதைக் கண்டாலும் அது இந்த வேலையால் வந்ததல்ல என்று ஒப்பந்தக்காரர் எளிதில் கைகழுவிவிடுவார்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. முதற்பரிசோதனையும் ஆவி அளக்கும் கருவியும் இல்லாமல் தோண்டத் தொடங்க முடியாது என்று ஒப்பந்தக்காரருக்கு இன்றே எழுத்துமூலம் தெரிவிக்கிறேன்.