ரெண்டு மணி நேர ஷோவை தொகுத்து வழங்கணும், காமெடியும் மேஜிக்கும் எங்கேருந்து எடுக்கிறீங்க?

மேடைப்பயம்:
எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருஷமா சின்னச் சின்ன நிகழ்ச்சிக்கு ஆங்கரிங் பண்றேன், பேர் கூப்பிடுறது, அடுத்து யாருன்னு சொல்றது, கைதட்டச் சொல்றது, இவ்வளவுதான் என் வேலை. இப்ப அடுத்த மாசம் ரெண்டு மணி நேர லைவ் ஷோ ஒண்ணு வந்திருக்கு, எட்டு ஐட்டம், நடுவுல ஏழு கேப், அந்த கேப்ல காமெடியும் கொஞ்சம் மேஜிக்கும் கலந்து அடிங்கன்னு சொன்னாங்க, நானும் கெத்தா தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து உக்காந்து தேடினா கிடைக்கிற ஜோக் பூரா ஏற்கனவே எல்லார் போன்லயும் நாலு சுத்து வந்த ஃபார்வர்டு. மேஜிக்ல எனக்கு உருப்படியா தெரிஞ்சது, ஒருத்தர் மனசுல நினைச்ச சீட்டைக் கண்டுபிடிக்கிற 21 சீட்டு வித்தை மட்டும்தான். ஹால்ல 300 பேர் இருப்பாங்களாம். நீங்கல்லாம் சரக்கு எங்கேருந்து எடுக்கிறீங்க, புக்கா, வீடியோவா, சொந்தமா எழுதுறதா? கொஞ்சம் வழி காட்டுங்க.

சீட்டுக்கட்டு:
ப்ரோ, அந்த 21 சீட்டை தயவுசெஞ்சு வீட்டுலயே வச்சிட்டு போங்க. மூணு தடவை பரப்பணும், அதாவது 63 தடவை சீட்டு போடுறீங்க, மூணாவது வரிசைக்குப் பின்னாடி இருக்கிறவனுக்கு நீங்க மேஜையைத் தொடைக்கிற மாதிரிதான் தெரியும். கேப்ல பண்ற ஐட்டம் கடைசி வரிசைக்கும் தெரியணும், ரெண்டு நிமிஷத்துல முடியணும், முடிஞ்சதும் அப்படியே பாக்கெட்ல போட்டுட்டு நகர முடியணும். மூணு வேற வேற நீளக் கயிறு ஒரே நீளமாகிறது இருக்கே, அது நல்லா எடுபடும், பழசுதான், ஆனா உங்க ஆடியன்ஸ் நேர்ல பாத்திருக்க மாட்டாங்க.

புக்னு கேட்டா மார்க் வில்சனோட மேஜிக் கோர்ஸ், 1975ல வந்தது. கயிறு, காசு, பந்து, சீட்டு எல்லாத்தையும் படம் போட்டு படிப்படியா சொல்லித் தருவாரு. டார்பெல் கோர்ஸ் 8 வால்யூம், அது கடல், இப்ப இறங்காதீங்க. வீடியோ பாத்து கத்துக்கிட்டா அதுல வர்றவரு பேசுற மாடுலேஷன் வரைக்கும் நமக்கு ஒட்டிக்கும், புக்ல அந்தத் தொல்லை இல்ல.

இன்னொண்ணு, யாரும் சொல்லித்தர மாட்டாங்க: கை மைக்கா இல்ல சட்டையில மாட்டுற மைக்கான்னு முதல்ல கேட்டு வச்சுக்கோங்க. கயிறுக்கு ரெண்டு கையும் வேணும். நான் ஒரு தடவை கை மைக்கை கக்கத்துல இடுக்கிட்டு கயிறைக் காட்டினேன், என் குரல் போகல, சட்டை உரசுற சத்தம் மட்டும் ஹால் பூரா கேட்டுச்சு. அதுலேருந்து ஸ்டாண்ட் இல்லாம மேடை ஏறுறதே இல்ல.

கணக்குப்புள்ள:
கை வித்தை பயமா இருந்தா கணக்கு வித்தை ஒண்ணு எடுத்துக்கோங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய 1089தான், ஆனா மேடைக்கு அம்சமா இருக்கும். மூணும் வேற வேற இலக்கமா ஒரு நம்பர் நினைக்கச் சொல்லுங்க, 742னு வைங்க. திருப்பிப் போட்டா 247, பெருசுலேருந்து சின்னதைக் கழிச்சா 495, அதையும் திருப்பினா 594, ரெண்டையும் கூட்டினா 1089. யார் எந்த நம்பர் எடுத்தாலும் இதேதான் வரும், நீங்க முன்னாடியே எழுதி கவர்ல ஒட்டி வச்சிருப்பீங்க.

இதுல நான் வாங்கின பல்பையும் சொல்லிடுறேன். முன் வரிசையில ஒருத்தர் 645 எடுத்தாரு. 546ஐ கழிச்சா 99. அவரு 99ஐ திருப்பி 99னு போட்டு 198னு கம்பீரமா கத்தினாரு, நான் கவரைப் பிரிச்சு கையில வச்சிட்டு நிக்கிறேன். 099னு எழுதி திருப்பியிருந்தா 990, கூட்டினா சரியா வந்திருக்கும், ஆனா அந்த நேரத்துல மேடையில நின்னு அதை யாருக்கு விளக்க? அதனால முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைஞ்சது ரெண்டாவது வித்தியாசம் இருக்கட்டும்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க.

அப்புறம் ஆர்வத்துல மூணு பேரைக் கூப்பிடாதீங்க. மூணு பேருக்கும் 1089 வந்தா அது மேஜிக் இல்ல, டியூஷன். ஒரே ஆள், ஒரே தடவை. நம்பரா காட்டாம ஒரு தடிமனான புக்கைக் கொடுத்து 108ஆம் பக்கம் 9வது வார்த்தையைப் படிங்கன்னு சொல்லி அந்த வார்த்தையை கவர்லேருந்து எடுத்தீங்கன்னா கணக்குன்னே தோணாது.

மைக்ராணி:
தம்பி, நான் பன்னெண்டு வருஷமா மேடையில நிக்கிறேன், மேஜிக் எனக்குத் தெரியாது, காமெடி பத்தி மட்டும் சொல்றேன். ஜோக் லிஸ்ட் தேடுறதை முதல்ல நிறுத்துங்க. ராபர்ட் ஆர்பன்னு ஒருத்தர் 1940கள்லேருந்து மேஜிக்காரங்களுக்கும் தொகுப்பாளர்களுக்கும் ஜோக் புக்கா எழுதித் தள்ளினாரு, பின்னாடி அமெரிக்க அதிபர் ஃபோர்டுக்கே பேச்சு எழுதிக் கொடுத்த மனுஷன், அவரு புக்கை எல்லாரும் வாங்கினதால எல்லா மேடையிலயும் அதே வரி ஓடுச்சு. எவ்வளவு நல்ல ஜோக்கா இருந்தாலும் பக்கத்து மேடையில கேட்டதுன்னா செத்துப்போச்சு.

உங்க ஷோவுல எட்டு ஐட்டம் இருக்குல்ல, சரக்கு அங்கதான். ரிகர்சலுக்குப் போங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே கேள்வி கேளுங்க, இதுவரைக்கும் மேடையில பெருசா சொதப்பினது என்னன்னு. எட்டுல அஞ்சு பேராவது வாய் திறப்பாங்க, அதைச் சொல்லலாமான்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு ரெண்டு வரியா சுருக்கி அறிமுகத்துல வைங்க. சும்மா சொல்லல, சலங்கை அறுந்து முன் வரிசை மடியில போய் விழுந்த கதையைச் சொல்லி ஒரு டான்சரைக் கூப்பிட்டேன், அந்தப் பொண்ணு உள்ள வந்ததும் முதல்ல குனிஞ்சு சலங்கையை இறுக்கிக் காட்டுச்சு பாருங்க, நான் எழுதின எந்த ஜோக்குக்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்ல.

அதோட மைக் செத்தா, லைட் போனா, அடுத்த ஆள் ரெடியாகலன்னா, யாருமே கைதட்டலன்னா, இந்த நாலுக்கும் ரெண்டு ரெண்டு வரி மனப்பாடமா இருக்கட்டும். நாலுல ஒண்ணு கண்டிப்பா நடக்கும், அந்த வரி அங்கேயே தோணின மாதிரி விழும்.

மேடைக்கு வர்ற ஆடியன்ஸை கலாய்க்காதீங்க. அவரை நம்பி ஒரு குடும்பமே கீழ உக்காந்திருக்கும். பல்பு நீங்க வாங்குங்க.

நிழல்:
யூட்யூப்ல பாத்த ரொட்டீனை அப்படியே போடலாமான்னு அடுத்து கேப்பீங்க, அதனால முன்கூட்டியே. டெல்லர்னு ஒரு அமெரிக்க மேஜிக்காரர், ஒரு ரோஜாவோட நிழலைக் கத்தியால வெட்டுவாரு, நிஜப் பூ உதிரும். அதை ஒருத்தர் காப்பியடிச்சு வீடியோ போட்டு விக்கப் பாத்தாரு, டெல்லர் கேஸ் போட்டாரு, 2014ல அமெரிக்க கோர்ட்டு டெல்லர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. வித்தையோட ரகசியத்துக்கு காப்பிரைட் கிடையாது, அதை ஒரு நாடகமா நடிச்சுக் காட்டுற விதத்துக்கு உண்டு. கயிறு வித்தை உங்களுக்கும் எனக்கும் பொது, அடுத்தவர் பேசின வசனம் அப்படி இல்ல.

மேடைப்பயம்:
எல்லாருக்கும் நன்றி, மைக்ராணி அக்காவுக்கு தனி நன்றி. ஒரு ஐடியா தோணுது, சரியா பாருங்க. ஷோ ஆரம்பத்துலயே கவரை எல்லாரும் பாக்குற மாதிரி மேடையில தொங்க விட்டுடுறேன். ஒவ்வொரு கேப்லயும் அது பக்கத்துல போய் பிரிக்கப் போற மாதிரி கை வச்சிட்டு, ஏதாவது சாக்கு சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுறேன். ஏழாவது கேப்லதான் புக் வித்தை, அப்பதான் கவரே திறக்கும். கயிறு நாலாவதுல. மீதி கேப்புக்கு அக்கா சொன்ன சொதப்பல் கதைங்க. ஓவரா இழுக்கிறேனா?

மைக்ராணி:
இழுக்கல, ஆனா சாக்கு ஒவ்வொண்ணும் முந்தினதைவிட மொக்கையா இருக்கணும், அஞ்சாவதுல அவங்களே கத்தணும் திறடான்னு.

கணக்குப்புள்ள:
தொங்கவிடுறதுக்கு முன்னாடி கவருக்குள்ள பேப்பர் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க. ஏன்னு கேக்காதீங்க.