பைலட்: துறைமுகத்தில் ஏறுபவருக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

'பைலட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'விமானி' என்று மட்டும் சொல்லி முடித்துவிட என்னால் முடியாது. நான் இருப்பது திருகோணமலையில். இங்கே சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அங்கே பறக்கப் பழகுகிறவர் பைலட். அதே குடாவுக்குள் கோதுமைக் கப்பலைக் கொண்டுவந்து சேர்ப்பவரும் பைலட். இந்த இரண்டாமவரை ஒரு மொழிபெயர்ப்பில் 'துறைமுக விமானி' என்று கண்டபோது மனம் நொந்துபோனேன். துடுப்பைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது 'பைலட்'. முதலில் நீருக்கு உரியது, பிறகுதான் வானத்துக்குப் போனது.

கப்பலைச் செலுத்துபவனைக் குறிக்கும் 'மீகாமன்' அழகான சொல். ஆனால் மீகாமன் கப்பலுக்கே உரியவன். பைலட் வந்து போகிறவர். காற்று மறைவான பக்கத்தில் கயிற்றேணி தொங்கும். படகு கப்பலை ஒட்டியே ஓடும். அலை படகைத் தூக்கும் கணத்தில் ஏணியைப் பற்றி ஏறுவார். மேலே போனபின் பெரும்பாலும் சுக்கானைத் தொடமாட்டார். எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று சொல்வார், கப்பலின் ஆள் திருப்புவான். பொறுப்பும் கப்பல் தலைவரைவிட்டு நீங்காது. கொட்டியாறுக் குடாவில் எங்கே ஆழம், எங்கே பாறை, வாடைக்காற்றில் கப்பல் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்ற உள்ளூர் அறிவே அவர் கொண்டுவரும் சரக்கு.

ஆகவே 'வலவன்' என்பதையும் இங்கே வைக்கமாட்டேன். செலுத்துகிறவன் வலவன். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று வருகிறதே, அது வானத்துக்கே இருக்கட்டும்.

என் பரிந்துரை: துறைகாட்டுநர். ஓட்டுநர், நடத்துநர் வரிசையில் இயல்பாக நிற்கிறது. கிளைக்கவும் செய்கிறது: துறைகாட்டுப் படகு, துறைகாட்டு ஏணி, துறைகாட்டுக் கட்டணம். 'துறை' அமைச்சையும் படிப்பையும் குறிக்குமே என்பீர்கள். பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் அந்தக் குழப்பம் யாருக்கும் வந்ததில்லை.

மற்றப் பொருள்களுக்கு அதிகம் சொல்ல இல்லை. பரீட்சார்த்தமாகத் தொடங்கும் வேலைக்கு 'முன்னோடித் திட்டம்' வேரூன்றிவிட்டது. 2020இல் பாணந்துறையில் கரையொதுங்கிய திமிங்கிலங்களின் ஆங்கிலப் பெயரிலும் பைலட் உண்டு. கூட்டத்துக்கு ஒன்று முன்னே போகும் என்ற நம்பிக்கையால் வந்தது. அதற்கு 'வழிகாட்டித் திமிங்கிலம்' போதும்.

பாய்க்கப்பல் காலத்துத் தண்டையல்மார், அதாவது கப்பல் தலைவர்கள், இந்த ஆளை வேறு பெயரால் அழைத்திருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் என்னுடையதை விட்டுவிடுவேன்.