பாம்பின் எலும்பும் பாஞ்சாலங்குறிச்சி மண்ணும்

பாளையங்கோட்டையிலிருந்து:

கென்ஷின் இம்பாக்ட் வீடியோ கேமில் இனாசுமா என்ற நாடு வந்தது 2021 ஜூலையில். அதன் யஷியோரி தீவில் கால் வைத்த அன்று விடாத மழை, இடி. கரையில் வீடு உயரத்துக்கு ஒரு பாம்பின் மண்டையோடு. ஒரோபாஷி என்ற பாம்புத் தெய்வம் படையெடுத்து வந்ததாம், மின்னல் தெய்வம் ஒரே வெட்டில் தீவோடு சேர்த்துப் பிளந்தாளாம். செத்த பிறகும் அதன் சக்தி மண்ணில் ஊறி, ஹிகி கிராமத்து ஜனங்கள் நோயில் கிடந்தார்கள். சரி, கெட்ட பாம்பு என்று நானும் நம்பிவிட்டேன்.

2022 ஜனவரியில் கேமில் என்கனோமியா என்ற பகுதி திறந்தது. கடலுக்கடியில் இருட்டில் கிடந்த ஜனங்களை மேலே கொண்டுவந்து வத்தத்சுமி தீவில் குடிவைத்ததே அந்தப் பாம்புதான்! அறியக்கூடாத பழைய ரகசியத்தை அறிந்ததற்காக மேலுலகம் அதற்குச் சாவு விதித்திருக்கிறது. திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தேதான் படை நடத்திப் போயிருக்கிறது. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

தாத்தா ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பில் என்னைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிப்போனார். 1974இல் கட்டிய நினைவுக் கோட்டையில் அதிக நேரம் நிற்கவில்லை. பழைய கோட்டையின் அடித்தளத்தைக் காட்டினார், அப்புறம் வெயிலில் நடத்தி ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைக்குக் கூட்டிப்போனார். "ரெண்டு பக்கமும் பாத்துக்கோல" என்றார். 1801இல் ஊமைத்துரையை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற அதிகாரியே அவரை வியந்து எழுதிவைத்திருப்பதைப் பின்னாளில் படித்தேன்.

அதனால்தான் 500 வருஷத்துக்கு முன் தெய்வங்கள் அழித்ததாகக் கேம் சொல்லும் கேன்ரியா நாட்டின் கதையை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. நமக்குச் சொன்னதெல்லாம் ஜெயித்தவர்கள் பக்கம். ஸ்னெஷ்னயா நாட்டு ராணி, தெய்வங்களின் சக்திப் பொருளான நோசிஸ்களைச் சேர்ப்பது மேலுலகத்தை எதிர்க்கத்தான். ஒரோபாஷி அறிந்த ரகசியமும் அந்தப் போரில்தான் வெளியே வரும் என்பது என் கணிப்பு.

எட்டயபுரத்திலிருந்து:

அண்ணாச்சி, கட்டபொம்மன் கதையில் எங்கள் ஊர் எந்தப் பக்கம் நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். கோவில்பட்டியில் படிக்கும்போது அந்தப் பாடம் வந்தாலே வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்க்கும். பாரதி பிறந்ததும் எங்கள் ஊர்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அதனாலோ என்னவோ, அதே கேமில் என்னை உலுக்கியது டார்டாக்லியா கதைதான். எல்லாரும் வெறுக்கிற, ஸ்னெஷ்னயா ராணியின் ஃபடூயி படை ஆள் அவன். ஆனால் அவன் தம்பி டியூசர், அண்ணன் பொம்மை விற்கிறவன் என்று நம்பி ஸ்னெஷ்னயாவிலிருந்து லியூயே நாடு வரைக்கும் கப்பலேறி வந்துவிடுகிறான். அந்த நம்பிக்கை உடையக்கூடாது என்று, தம்பி பார்க்காதபடி இயந்திரங்களோடு ஒற்றை ஆளாய்ச் சண்டை போட்டுத் தளர்ந்து விழுகிறான் அண்ணன். என் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்னெஷ்னயா போர் அந்தப் பையன் வீட்டு வாசலுக்கு வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்று எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேம் கேட்டால் எதை அழுத்துவது என்று இப்போதே யோசிக்கிறேன்.